ஏர் பிடித்தவரா, எழுத்தாணி பிடித்தவரா? பண்டைய சீன உழவர் எழுச்சிகளுக்குத் தலைமை தாங்கியவர்கள்

கி.மு. 209, மழைக்காலம். இன்றைய சீனாவின் அன்ஹுய் மாநிலத்தில் தாசெ என்றொரு தாழ்வான ஊர். அந்தப் பெயருக்கே 'பெருஞ்சதுப்பு' என்றுதான் பொருள். அங்கே 900 ஆட்கள் நகர முடியாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வடக்கே, இன்றைய பெய்ஜிங் பக்கத்திலிருந்த யூயாங் என்ற எல்லைக் காவலிடத்துக்குக் கட்டாயப் பணிக்காக அழைத்துச் செல்லப்பட்டவர்கள். பாதை முழுக்க வெள்ளம். குறித்த நாளில் போய்ச் சேர வழியே இல்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த சென் ஷெங், வூ குவாங் என்ற இருவர், தங்களை ஓட்டிச் சென்ற அதிகாரிகளைக் கொன்றுவிட்டு எழுச்சியைத் தொடங்கினார்கள். மூன்றே ஆண்டுக்குள், அன்று சீனாவை ஆண்ட சின் பேரரசு இல்லாமல் போயிற்று.

உழவர் எழுச்சி பற்றிப் புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர் பெரும்பாலும் இப்படித்தான் எண்ணிக்கொள்கிறார்: உழவர் எழுந்தார்கள், ஆகவே தலைவரும் உழவராகத்தான் இருந்திருப்பார், அதிலும் உள்ளதிலேயே ஏழை. பண்டைய சீனாவின் நான்கைந்து எழுச்சிகளை எடுத்து, தலைவர்கள் அதற்கு முந்தைய நாள்வரை என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டால் வேறு படம் கிடைக்கிறது. கூட்டம் உழவர் கூட்டம்தான், ஐயமில்லை. முன்னே நின்றவர்களோ பெரும்பாலும் ஊருக்கும் அரசுக்கும் நடுவில் ஏதோ ஒரு கணுவில் உட்கார்ந்திருந்தவர்கள். ஆள் எண்ணுபவர், கைதிகளை அழைத்துச் செல்பவர், சிறைக் கணக்கர், வழக்குத் தீர்ப்பவர், நோய் பார்ப்பவர். ஏன் அப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

கூலிக்கு உழுதவர், ஆனால் கங்காணி

சென் ஷெங்கைப் பற்றி நமக்கு விரிவாகச் சொல்பவர் சின்னுக்குப் பிறகு வந்த ஹான் பேரரசின் அரசவை வரலாற்றாசிரியர் சிமா சியென். நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து எழுதியவர். அவர் சொல்வது: சென் ஷெங் இளமையில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டினார். ஒருநாள் வேலையை நிறுத்தி வரப்பில் உட்கார்ந்து, நாளைக்கு நம்மில் எவனாவது பெரிய ஆளானால் மற்றவனை மறந்துவிடக் கூடாது என்றார். கூட உழுதவன் சிரித்தான். கூலிக்கு உழுகிறவனுக்குப் பெரிய வாழ்வு எங்கிருந்து வரும் என்று கேட்டான். அன்னத்தின் எண்ணம் சிட்டுக்குருவிக்கு எப்படித் தெரியும் என்று சென் ஷெங் பெருமூச்சு விட்டார்.

பாடநூல்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. அடுத்த சில வரிகளில் சிமா சியென் இன்னொன்றும் சொல்கிறார். அந்த 900 பேரில் சென் ஷெங்கும் வூ குவாங்கும் 'துன்ஜாங்', அதாவது அணித்தலைவர்கள். தமிழில் இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் சொல் கங்காணி. ஆள்களில் ஒருவர்தான், ஆனால் ஆள்களை எண்ணிக் கணக்குச் சொல்லும் பொறுப்பு அவருடையது. மேலே இருக்கும் அதிகாரியிடம் நேரடியாகப் பேசுவார். தம் அணியில் யார் உறுதியானவன், யார் பயந்தவன், யாருக்கு யார்மேல் மனத்தாங்கல் என்பது அவருக்குத் தெரியும். ஆணை இடவும் அது நிறைவேறவும் ஏற்கெனவே பழகிவிட்ட உறவு அது.

எழுச்சி நடந்த விதத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்தப் பதவியின் பயன் தெரியும். முதலில், பட்டுத் துணியில் செஞ்சாயத்தால் 'சென் ஷெங் அரசனாவார்' என்று எழுதி, அடுத்தவர் வலையில் விழுந்த மீனின் வயிற்றில் திணித்தார்கள். மீனை வாங்கிச் சமைத்த ஆட்கள் அதைக் கண்டு திகைத்தார்கள். இரவில் அருகிலிருந்த கோயில் தோப்பில் வூ குவாங் தீ மூட்டி, நரி ஊளையிடுவதுபோல் அதே செய்தியைக் கூவினார். பிறகு, அதிகாரி குடித்திருந்த நேரம் பார்த்து, ஓடிப்போகப் போகிறேன் என்று வூ குவாங் வேண்டுமென்றே அவர் காதுபடப் பேசினார். அதிகாரி சாட்டையால் அடித்தார். வூ குவாங் ஆட்களிடம் அன்பாக இருந்து பேர் வாங்கியவர். அவரை அடிப்பதைப் பார்த்து ஆட்கள் கொதித்தார்கள். அதிகாரி வாளை உருவ, வூ குவாங் அதைப் பறித்து அவரைக் கொன்றார். சென் ஷெங் துணை நின்று இன்னொரு அதிகாரியையும் முடித்தார். அணியைப் பல நாள் கூடவே நடத்திச் சென்ற ஒருவரால் மட்டுமே இவ்வளவு கணக்காக இதைச் செய்ய முடியும்.

அரசரும் தளபதியும் பிறவியிலேயே அந்த விதையா என்ற புகழ்பெற்ற கேள்வியை அன்று சென் ஷெங் எழுப்பினார். அதே நாளில், கொல்லப்பட்டுவிட்ட சின் இளவரசர் ஃபூசு, சின் அரசு அழித்த சூ நாட்டின் பழைய தளபதி சியாங் யான் ஆகிய இருவரின் பெயரில்தான் எழுச்சியை அறிவித்தார். இவ்விரண்டும் ஒன்றாகவே நடந்தன என்பதைப் புதிதாகப் படிப்பவர் குறித்துக்கொள்ள வேண்டும். பிறப்பின் மேன்மையை மறுத்தவரே ஆள் சேர்க்க உயர்ந்த பிறப்பின் பெயரைக் கடன் வாங்கினார். பின்னால் வந்த பல எழுச்சிகளிலும் இதே வழக்கம் வரும்.

இங்கே சட்டம் பற்றி ஒரு சிறு விலகல். தாமதித்தால் தலை போகும், அதனால் வேறு வழியின்றி எழுந்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். 1975இல் ஹூபெய் மாநிலத்தின் ஷுய்ஹூதி என்ற இடத்தில் சின் காலத்து வட்டார எழுத்தர் ஒருவரின் கல்லறையில் 1,100க்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள் கிடைத்தன. அதிலுள்ள கட்டாய வேலைச் சட்டம் சொல்வது இது: 3 முதல் 5 நாள் தாமதித்தால் கண்டிப்பு; 6 முதல் 10 நாள் என்றால் ஒரு கேடயத்தின் விலை தண்டம்; 10 நாளுக்கு மேல் என்றால் ஒரு கவசத்தின் விலை; மழை, வெள்ளம் என்றால் அந்தத் திரட்டலே ரத்து. மரணதண்டனை அதில் இல்லை. இது கட்டட வேலைக்கான சட்டம், எல்லைக் காவலுக்கு வேறு கடுமையான விதி இருந்திருக்கும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஆட்களைக் கிளப்பச் சென் ஷெங்தான் சட்டத்தைப் பெரிதாக்கிச் சொன்னார் என்பது இன்னொரு சாரார் கருத்து. சிமா சியெனின் நூலிலேயே சென் ஷெங் ஆட்களிடம் இரண்டாவது காரணம் ஒன்றும் சொல்கிறார்: தலை தப்பினாலும், எல்லைக் காவலுக்குப் போகிறவர்களில் பத்துக்கு ஆறேழு பேர் அங்கேயே சாகிறார்கள். சட்டமும் புள்ளிக்கணக்கும் பேசும் ஒருவர், வெறும் ஏர் பிடித்த கையாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு குடும்பத்தின் வரவு செலவு

உள்ளதிலேயே ஏழை ஏன் தலைவராவதில்லை? ஹான் வரலாற்று நூலில் ஒரு குடும்பக் கணக்கு இருக்கிறது. சின் பேரரசுக்கு முந்தைய வெய் நாட்டு அமைச்சர் லி குய் போட்டதாக அதில் சொல்லப்படுகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பம், 100 மூ நிலம். அக்கால அளவில் அது ஐந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. மூவுக்கு ஒன்றரை ஷி (அது தானிய அளவு) வீதம் விளைச்சல் 150 ஷி. பத்தில் ஒன்று வரி, 15 போக மீதி 135. ஆளுக்கு மாதம் ஒன்றரை ஷி சாப்பாடு, ஐந்து பேருக்கு ஆண்டுக்கு 90. கையில் நிற்பது 45. ஷிக்கு 30 காசு விலைக்கு விற்றால் 1,350 காசு. ஊர்த் தெய்வத்துக்கும் படையலுக்கும் 300 போக 1,050. துணிமணிக்கு ஆளுக்கு 300 வீதம் 1,500 வேண்டும். 450 காசு துண்டு விழுகிறது. நோய், சாவு, திடீர் வரி எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

சொந்த நிலம் உள்ள குடும்பத்தின் நிலையே இதுதான். கூலிக்கு உழுகிறவருக்கு இந்த 45 ஷியும் கிடையாது. எழுச்சி நடத்துவதற்குச் சில பொருள்கள் தேவை: பலநாள் உணவு, ஆயுதம், நம்பிக்கையான செய்தி கொண்டுசெல்ல ஆள், நாலு ஊர் தாண்டிப் பழக்கம், கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர். விதைப்பு நாள் தவறினால் ஆண்டு முழுக்கப் பட்டினி என்ற நிலையில் உள்ளவரால் ஊரைவிட்டு நகரவே முடியாது. ஆகவே எழுச்சி பெரும்பாலும் இரண்டு இடங்களில் பற்றிக்கொள்கிறது. ஒன்று, அரசே ஆட்களை ஒரே இடத்தில் திரட்டி வைக்கும் இடம்: கட்டாய வேலை, கைதிக் கூட்டம், எல்லைக் காவல். இன்னொன்று, நிலத்தைவிட்டு ஏற்கெனவே ஓடி வந்தவர்கள் ஒதுங்கும் சதுப்பும் காடும். முதல் வகையில் தலைவர் ஆள் மேய்ப்பவராக இருப்பார். இரண்டாவதில் வழக்குத் தீர்ப்பவராகவோ கள்ளர் கூட்டத் தலைவராகவோ இருப்பார்.

பெய் ஊரின் அலுவலகம்

முதல் வகைக்கு ஹான் பேரரசை நிறுவிய லியூ பாங் நல்ல எடுத்துக்காட்டு. அவர் உழவர் வீட்டுப் பிள்ளை; மனைவியும் இரண்டு குழந்தைகளும் வயலில் களை எடுத்ததாக நூலிலேயே வருகிறது. அவரோ வயல் பக்கம் போகாதவர். பெய் வட்டாரத்தில் 'திங்' எனப்பட்ட காவல் சாவடி ஒன்றின் தலைவர். நம் ஊரில் தலையாரி பார்த்த வேலை போன்றது: வழிப்போக்கரைத் தங்கவைப்பது, திருடனைப் பிடிப்பது, அரசுக்கு ஆள் திரட்டிக் கொடுப்பது. பேரரசரின் லிஷான் கல்லறை வேலைக்குக் கைதிகளை அழைத்துப் போனபோது வழியில் பலர் ஓடிவிட்டார்கள். போய்ச் சேர்வதற்குள் எல்லாருமே ஓடிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு, எஞ்சியவர்களையும் அவிழ்த்துவிட்டார். பத்துப் பதினைந்து பேர் அவரோடே இருந்துவிட்டார்கள். அதுதான் அவருடைய முதல் படை.

அவரைச் சுற்றி இருந்தவர்களைப் பாருங்கள். சியாவ் ஹெ வட்டார அலுவலகத்தின் தலைமை எழுத்தர். சாவ் ஷென் சிறை அலுவலர். சியாஹோ யிங் வட்டாரக் குதிரை லாயத்தின் வண்டியோட்டி. தூதர்களைக் கொண்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் லியூ பாங்கின் சாவடியில் இறங்கி நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார். ஃபான் குவாய் நாய்க்கறி வெட்டி விற்றவர். ஜோ போ பட்டுப்புழு வளர்க்கும் தட்டு முடைந்தவர், இழவு வீட்டில் குழல் ஊதியவர். ஒரு சிறு பட்டணத்தின் அலுவலகமும் அதன் வாசல் கடைத்தெருவும் அப்படியே எழுந்து போனதுபோல் இருக்கிறது. பின்னால் சேர்ந்த பெங் யுவே சதுப்பில் மீன் பிடித்துக் கொள்ளையும் அடித்தவர். யிங் பூ முகத்தில் தண்டனைப் பச்சை குத்தப்பட்ட லிஷான் கைதி. சாங் லியாங், ஹான் என்ற பழைய சிற்றரசின் (ஹான் பேரரசு வேறு) அமைச்சர் குடும்பத்தவர். அன்றாடம் உழுது பிழைத்தவர் என்று சொல்லத்தக்கவர் இந்தப் பட்டியலில் ஒருவரும் இல்லை.

பெய் நகரத்தார் தங்கள் அதிகாரியைக் கொன்று கதவைத் திறந்தபோது தலைமையை யார் ஏற்பது என்ற கேள்வி எழுந்தது. படிப்பிலும் பதவியிலும் சியாவ் ஹெதான் மேல். ஆனால் அவரும் சாவ் ஷென்னும் ஒதுங்கிக்கொண்டு லியூ பாங்கை முன்னிறுத்தினார்கள். காரணத்தைச் சிமா சியென் மறைக்காமல் எழுதுகிறார்: காரியம் கெட்டால் சின் அரசு தங்கள் குலத்தையே அழித்துவிடும் என்று அஞ்சினார்கள். இழக்க நிறைய உள்ளவர்கள், இழக்கக் குறைவாக உள்ளவரை முன்னே வைக்கிறார்கள். லியூ பாங் ஏற்கெனவே தலைமறைவுக் குற்றவாளி. அவருக்குத் திரும்பிப் போக இடமில்லை. எழுச்சித் தலைவர்களின் பின்னணியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வரி பல பக்கங்களுக்குச் சமம். எழுத்தர் பின்னால் நின்றாலும் அவர் வேலை நின்றுவிடவில்லை. சின் தலைநகரில் நுழைந்ததும் மற்ற தளபதிகள் பொன்னையும் பட்டையும் பங்கு போட ஓட, சியாவ் ஹெ நேரே போய் அரசின் வரைபடங்களையும் குடிக்கணக்கு ஏடுகளையும் எடுத்து வைத்துக்கொண்டார். எந்த ஊரில் எத்தனை குடும்பம், எந்தக் கணவாய் எங்கே என்ற விவரமெல்லாம் அப்படித்தான் லியூ பாங் கைக்கு வந்தது.

பழைய பெருங்குடியினர்

எழுச்சி பரவியதும் ஒட்டிக்கொண்டவர்களில் இன்னொரு வகையினர், சின் அரசு அழித்த பழைய அரசுகளின் பெருங்குடியினர். தலைமுறை தலைமுறையாகச் சூ நாட்டுக்குத் தளபதிகளைக் கொடுத்த சியாங் குடும்பம் அதில் முதன்மையானது. சியாங் லியாங் கொலைப் பழிக்கு அஞ்சி ஊரைவிட்டு வந்து, வூ நகரில் அண்ணன் மகன் சியாங் யூவுடன் வாழ்ந்தார். அங்கே பெரிய கட்டாய வேலை வந்தாலும், யார் வீட்டில் இழவு விழுந்தாலும் முன்னின்று நடத்துவது அவர்தான். படையணி முறைப்படி வேலை பிரித்துக் கொடுத்து, யாரால் எது முடியும் என்று கவனித்துக்கொண்டே இருந்தார். இழவு வீட்டில் காரியம் பார்க்கும் ஒருவரைத் தெரிந்த எவருக்கும் இது புரியும். 8,000 பேர் திரண்டபோது பதவிகளை உடனே பிரித்துக் கொடுத்தார். தனக்குப் பதவி இல்லையே என்று கேட்டவரிடம், இன்னார் வீட்டு இழவில் உனக்கு ஒரு வேலை கொடுத்தேன், நீ செய்யவில்லை என்றார்.

அதே சியாங் லியாங், சூ நாட்டின் பழைய அரச வாரிசைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்த வாரிசு அப்போது யாரிடமோ கூலிக்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஆடு மேய்த்தவர் என்பதை மட்டும் பார்த்து இவரை ஏழைகளின் பிரதிநிதி என்று எழுதினால் தவறாகிவிடும். அவரை மேய்ச்சல் காட்டிலிருந்து அழைத்து வந்ததே பரம்பரைக்காகத்தான்.

சென் ஷெங்கின் முடிவையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆறு மாதம் அரசராக இருந்தார். வரப்பில் கூட உட்கார்ந்திருந்த பழைய கூலியாள் ஒருவர் அரண்மனை வாசலில் வந்து கதவைத் தட்டினார். காவலர் கட்டிப்போடப் பார்த்தார்கள். பின்பு, சென் ஷெங் வெளியே வந்தபோது வழியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே அழைத்துப் போனார்கள். மாளிகையையும் திரைச்சீலைகளையும் பார்த்து வாய் பிளந்த அந்த மனிதர், போகுமிடமெல்லாம் பழைய கதைகளைப் பேசினார். அரசரின் மதிப்புக் குறைகிறது என்று யாரோ சொல்ல, சென் ஷெங் அவரைக் கொன்றார். பழைய நண்பர்கள் எல்லாரும் தாமாகவே விலகிப் போனார்கள் என்கிறார் சிமா சியென். கடைசியில் சென் ஷெங்கைக் கொன்றது அவருடைய தேரோட்டியே. வூ குவாங்கை அதற்கு முன்பே அவர் கீழிருந்த தளபதிகளே முடித்துவிட்டார்கள்.

சாராயம் காய்ச்சிய அம்மாள், கிழங்குத் தகராறு தீர்த்தவர்கள், மந்திரித்த தண்ணீர் கொடுத்தவர்

இருநூறு ஆண்டு கழித்து, ஹான் அரியணையைப் பறித்து வாங் மாங் ஆட்சியைப் பிடித்திருந்த கி.பி. 9 முதல் 23 வரையான காலத்தில் எழுச்சிகள் மீண்டும் கிளம்பின. கிழக்குக் கடலோரத்தில் ஹாய்ச்சு என்ற ஊரில் லூ அம்மாள் என்று மட்டுமே வரலாறு அறியும் ஒரு பெண். அவர் மகன் சிறு வட்டார அலுவலர், கி.பி. 14இல் சின்ன குற்றத்துக்காக வட்டாரத் தலைவர் அவரைக் கொன்றார். அம்மாளுக்குப் பல பத்து லட்சம் காசு பெறும் சொத்து. மதுவைக் கூடுதலாகக் காய்ச்சினார், வாளும் துணியும் வாங்கிக் குவித்தார். வரும் இளைஞருக்குக் கடனாக மது, இல்லாதவருக்குத் துணி. சில ஆண்டில் சொத்துக் கரைந்தது. கடனைத் திருப்பித் தர இளைஞர்கள் வந்தபோது அழுதுகொண்டே காரணத்தைச் சொன்னார். கி.பி. 17இல் அவர்கள் ஊரைப் பிடித்தார்கள். வட்டாரத் தலைவரின் தலை மகன் கல்லறையில் படைக்கப்பட்டது. வசதியான வீட்டுப் பெண்மணி, தனிப்பட்ட பழி, கடன்பட்ட ஏழை இளைஞர் கூட்டம். 'உழவர் எழுச்சி' என்ற ஒற்றைத் தலைப்பில் இதை அடக்கும்போது எவ்வளவு நழுவிப் போகிறது!

அதே ஆண்டு தெற்கே பஞ்சம். சதுப்பில் இறங்கிக் கோரையினக் கிழங்கு தோண்டித் தின்ற மக்கள், கிழங்குக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். வாங் குவாங், வாங் ஃபெங் என்ற இருவர் அந்தத் தகராறுகளை நியாயமாகத் தீர்த்து வைத்தார்கள். அதனாலேயே சில நூறு பேர் இவர்களைத் தலைவர்களாக ஏற்றார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் நடு நின்று பேசுபவருக்குக் கிடைக்கும் மதிப்புத்தான் அது. லூலின் மலையை இருப்பிடமாகக் கொண்டதால் லூலின் படை என்று பெயர். பின்னால் நான்யாங் நிலக்கிழார்களான லியூ குலத்தார் சேர்ந்தார்கள். அவர்கள் பழைய ஹான் அரச மரபினர். அந்தக் குலத்தில் திறமையும் கண்டிப்பும் மிக்க லியூ யானை விட்டுவிட்டு, அடங்கிப் போகக்கூடிய லியூ ஷுவானைத்தான் லூலின் தலைவர்கள் கி.பி. 23இல் அரியணையில் ஏற்றினார்கள். லியூ யானின் தம்பி லியூ ஷியூ ஒரு காலத்தில் நகரத்துக்குத் தானியம் கொண்டுபோய் விற்றவர். பிற்கால ஹான் பேரரசை நிறுவியவர் அவர்தான்.

கி.பி. 184இல் எழுந்த மஞ்சள் தலைப்பாகையினர் என்ற கூட்டத்தார் வேறு வகை. தலைவர் ஜாங் ஜுவேயின் பலம் நிலமோ அரசுப் பதவியோ அன்று; மருத்துவம். கொள்ளைநோய் திரும்பத் திரும்ப வந்த ஆண்டுகள் அவை. நோயாளி மண்டியிட்டுத் தம் தவறுகளைச் சொல்ல வேண்டும். மந்திரித்த தண்ணீர் கொடுப்பார். பத்துச் சொச்சம் ஆண்டுகளில் பேரரசின் எட்டு மாநிலங்களில் சில லட்சம் பேர் பின்பற்றினர். அவர்களை 36 'ஃபாங்' ஆகப் பிரித்தார். பெரியது பத்தாயிரம் பேருக்கு மேல், சிறியது ஆறேழாயிரம். சீடர்கள் ஊர் ஊராக நடந்தார்கள். அரண்மனை அலிகளில் சிலர்கூட உள்ளாள்களாக இருந்தார்கள். கடைசி நேரத்தில் ஒரு சீடர் காட்டிக்கொடுத்ததால் குறித்த நாளுக்கு முன்பே எழ வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஜாங் ஜுவே நோயில் இறந்தார். நோய் பார்ப்பவருக்கு எல்லா வீட்டுக் கதவும் திறக்கும், ஊர் எல்லை தடையில்லை. கங்காணிக்கு ஓர் அணி தெரியும் என்றால் இவருக்கு ஒரு நாடே தெரிந்தது.

படிக்கும்போது எங்கே தவறுகிறோம்

முதல் தவறு, ஒரே ஒரு 'தலைவர்' இருந்ததாக எடுத்துக்கொள்வது. தொடங்கியவர், கணக்கும் உணவும் பார்த்தவர், அரியணையில் உட்கார்த்தப்பட்டவர் என்று மூன்று பேரைத் தனித்தனியாகத் தேடுங்கள். மூவரும் பெரும்பாலும் மூன்று வேறு வகுப்பிலிருந்து வந்திருப்பார்கள்.

இரண்டாவது, சான்றை யார் எழுதினார் என்று பார்க்காமல் விடுவது. இந்தச் செய்திகள் எல்லாம் அரசவை எழுத்தாளர்கள் வழியே வந்தவை. வென்றவரின் ஏழ்மை அழகாகச் சொல்லப்படும், தோற்றவரின் ஏழ்மை இழிவாகச் சொல்லப்படும். கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த 1949க்குப் பிறகு சீன வரலாற்றாசிரியர்கள் உழவர் போர்களை முதன்மைப் பொருளாக எடுத்து ஏராளமாக எழுதினார்கள். நல்ல ஆய்வுகள் அவற்றில் உண்டு, ஆனால் தலைவரை உழவராகக் காட்டும் ஆவலும் அவற்றில் உண்டு. சென் ஷெங்கின் 900 பேரைக் குறிக்க மூலத்தில் வரும் சொல்லே 'ஊர்வாசலின் இடப்பக்கத்தார்' என்பதுதான். அது ஏழைக் குடியா, வேறு ஏதாவது வகையா என்று இன்னும் வாதம் நடக்கிறது. சென் ஷெங்குக்கும் வூ குவாங்குக்கும் இயற்பெயருக்கு மேல் மரியாதைப் பெயர் ஒன்றும் இருந்தது. அடிமட்டக் கூலிக்கு அப்படிப் பெயர் வைப்பார்களா என்று கேட்டு, அவர்கள் நொடித்துப்போன நல்ல குடும்பத்தார் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. பிறந்த குடியையும் பார்த்த வேலையையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டால் இந்த வாதங்களில் குழம்ப வேண்டியதில்லை.

செம்புருவத்தார்

கால வரிசையில் முன்னால் வர வேண்டியதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மேலே சொன்ன மூவகைத் தலைவரும் ஒரே கூட்டத்தில் பச்சையாகத் தெரியும் இடம் இதுதான்.

கி.பி. 18இல் கிழக்கே ஃபான் சோங் நூற்றுச் சொச்சம் பேரோடு எழுந்தார். வாங் மாங்கின் வீரரிலிருந்து தங்களைப் பிரித்துக் காட்டப் புருவத்தில் சிவப்புப் பூசியதால் செம்புருவத்தார் என்று பெயர். எழுத்து, கொடி, அணிவகுப்பு எதுவும் இல்லை. சட்டம் வாய்ச்சொல்: கொன்றவருக்குச் சாவு, காயப்படுத்தியவர் ஈடு கொடுக்க வேண்டும். தலைவர்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பட்டங்களைக் கவனியுங்கள். உச்சப் பட்டம் 'மூன்று பெரியவர்', அதாவது ஊர் மூத்தோருக்கு வழங்கிய பெயர். அதற்கு அடுத்தவை சிறு எழுத்தர், குமாஸ்தா பதவிகளின் பெயர்கள். அரசு என்றால் ஊரிலிருந்து அண்ணாந்து பார்த்தபோது கண்ணுக்குத் தெரிந்த அந்த இரண்டு மூன்று படிகள்தான். இந்தப் பட்டங்களைப் படிக்கும்போது இது உண்மையான குடியானவர் கூட்டம் என்பதில் எனக்கு ஐயமே எழுவதில்லை.

கி.பி. 25இல் தலைநகரை நெருங்கும்போது பேரரசர் ஒருவர் வேண்டும் என்றாயிற்று. படைக்குள் தேடியதில் ஹான் மரபினர் எழுபதுக்கு மேல் இருந்தார்கள். நெருங்கிய உறவு மூன்று பேர். ஒரு பெட்டியில் மூன்று சீட்டு, ஒன்றில் மட்டும் எழுத்து. வயது வரிசைப்படி எடுத்தார்கள். கடைசியாக எடுத்த 15 வயது லியூ பென்ட்சுவின் கையில் எழுதிய சீட்டு வந்தது. அதுவரை படையில் மாடு மேய்த்தவர். தலை விரிந்து, வெறுங்காலோடு, கிழிந்த உடையில் வியர்த்து நின்றவர், எல்லாரும் தன் காலில் விழுவதைப் பார்த்து அழப் போனார். சீட்டைக் கடித்து உடைத்து எறிந்தார். அதன் பிறகும் தமக்கு மேலாளாக இருந்தவரைக் காலையும் மாலையும் வணங்கினார். மற்ற மாட்டுக்காரப் பையன்களோடு விளையாடப் போகப் பார்த்தார்.

முதலமைச்சர் யார்? வீரத்தால் எல்லாரும் மதித்தது ஃபான் சோங்கைத்தான். ஆனால் அவருக்கு எழுத்தும் கணக்கும் தெரியாது. ஷூ ஷுவான் முன்பு வட்டாரச் சிறையில் எழுத்தராக இருந்தவர், பழைய நூலும் ஒன்று படித்தவர். ஆகவே முதலமைச்சர் பதவி அவருக்கு. ஃபான் சோங் அதற்கு அடுத்த நிலையில் அமர்ந்தார்.

எழுத்தின்மை எப்படிக் கழுத்தைப் பிடித்தது என்பதற்கு அந்த ஆண்டுக் கடைசித் திருநாள் விருந்து ஒன்று போதும். தலைநகர் சாங்கானின் அரண்மனையில் பேரரசர் நடுவில் அமர்ந்திருக்க, ஒருவர் எழுதுகோலும் சீவுகத்தியும் எடுத்து வாழ்த்து ஏடு எழுதத் தொடங்கினார். எழுதத் தெரியாத மற்றவர்கள் எழுந்து போய், எனக்கும் எழுது, எனக்கும் எழுது என்று அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பேரரசருக்கு முதுகு காட்டி நின்றதுகூடத் தெரியவில்லை. இன்னொரு தலைவர் திட்ட, கைகலப்பாகி, கூட்டம் கதவை உடைத்து உள்ளே புகுந்து இறைச்சியையும் மதுவையும் பறித்தது. காவற்படை வந்து நூறுக்கு மேற்பட்டவரைக் கொன்ற பிறகே அடங்கியது. குடிக்கணக்கு ஏடுகளைத் தேடிப் போன சியாவ் ஹெ போல் ஒருவர் இந்தக் கூட்டத்தில் போதிய அளவில் இல்லை. வரி வசூலிக்கத் தெரியவில்லை. நகரத்தில் தானியம் தீர்ந்ததும் கொள்ளை, கொள்ளை தீர்ந்ததும் பசி.

கி.பி. 27இல் யியாங்கில் லியூ ஷியூவின் படை வழிமறித்தது. பட்டினியில் இருந்த லட்சத்துக்கு மேற்பட்டவர் சரணடைந்தார்கள். லியூ ஷியூ எல்லாருக்கும் சாப்பாடு போட்டார். தலைவர்களுக்குத் தலைநகரில் ஆளுக்கு ஒரு வீடும் 200 மூ நிலமும் கொடுத்தார். லியூ பென்ட்சு பின்னாளில் கண் பார்வை இழந்தார். கடைத்தெரு ஒன்றின் வரி அவர் சாகும்வரை பிழைப்புக்கு ஒதுக்கப்பட்டது. ஃபான் சோங் மீண்டும் சதி செய்ததாகக் கொல்லப்பட்டார். சிறை எழுத்தராயிருந்த ஷூ ஷுவான் சொந்த ஊருக்குத் திரும்பிப் போய்த் தம் வீட்டிலேயே இறந்தார்.